டிவியில் வரும் லைப்ரரி மிஸ்

எங்கள் குடும்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கின முதல் ஆள் நான்தான். அம்மாவும் நைனாவும் வல்லம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தும் மல்லாட்டைக் கடலை பிடுங்கியும் என்னைப் படிக்க வைத்தார்கள். செஞ்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் லைப்ரரியன் வேலை கிடைத்ததும் அம்மா அதைச் சொல்லாத வீடில்லை. நாலு இரும்பு பீரோ, ஒரு மேஜை, ஒரு ஃபேன், அவ்வளவுதான் லைப்ரரி. எனக்கு அது அரண்மனை.

அதற்கு ஆபத்து ஒரு மீட்டிங்கிலிருந்து வந்தது. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் சார் சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் எல்லாரும் இன்டர்நெட்டில் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குப் புதுப்புது வெப் டூல்ஸ் வந்திருக்கிறது என்றார். டீச்சர்கள் நழுவினார்கள். ஒருத்திக்குக் கண் வலி, ஒருத்திக்குக் கைக்குழந்தை. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீச்சர்களை நீங்க என்பார், என்னை மட்டும் நீ.

"இங்க பாரும்மா, லைப்ரரிக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு ஆடிட்டர் கேக்குறாரு. நீ இத கத்துக்கினு புள்ளைங்களுக்கு நடத்துனீன்னா, உன்ன வச்சிக்க எனக்கு ஒரு காரணம் கெடைக்கும்."

சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது?

ஸ்கூல் பேரில் அக்கவுண்ட் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே டச் ஃபோன் வீட்டுக்காரரிடம். அவரோ குட்டியானை வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தில் இருப்பார். ஓடிபி அவருக்குப் போகும். நான் ஆபீஸ் ஃபோனிலிருந்து கூப்பிட்டு, "இன்னா நம்பர் வந்துக்குது, சீக்கிரம் சொல்லு" என்று கத்துவேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் அது செத்துப்போயிருக்கும். "யோவ், உன்ன நம்பி நான் பொழச்சாப்லதான்" என்று ஃபோனை வைப்பேன். ஆபீஸ் கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, உள்ளே நுழைந்த பிறகு எனக்கு அது பிடித்துப்போயிற்று. வினாடி வினா போடக் கற்றேன். படம் சேர்த்துக் கதை சொல்லக் கற்றேன். என் முகமும் குரலும் வரும்படி ஸ்கூல் லேப்டாப்பில் வீடியோ எடுக்கக் கற்றேன். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் தொலையும் என்று பீரோ சந்தில் உட்கார்ந்து பேசினேன்.

நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்று ஒரு யோசனை செய்தேன். நடுநடுவே கேள்வி கேட்பேன். கேட்டுவிட்டு, எதிரே அவர்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் வாய்மூடி இருப்பேன். பிறகு, சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, சபாஷ் போட்டு மேலே போவேன். முதல்முறை ஆபீஸ் டிவியில் போட்டுக் காட்டியபோது மூன்றாம் வகுப்பே எழுந்து நின்று டிவியைப் பார்த்துப் பதில் சொன்னது. வாசலில் நின்று பார்த்த சாருக்கு முகமெல்லாம் பல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலை தப்பித்தது என்று வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப்போனேன்.

கோடை லீவு விட்டதும் சார் சொன்னார். "எல்லா கிளாசுக்கும் வருஷம் பூரா வர்றாப்ல எடுத்து வச்சிரும்மா. ஜூன்ல டென்ஷன் இல்லாம இருக்கலாம்."

மே மாதம் செஞ்சியில் பாறையெல்லாம் பகலில் வாங்கின சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாது. ஃபேன் போட்டால் சத்தம் பதிவாகும். ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினேன். பாதியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. கதை, பொது அறிவு, கொஞ்சம் அறிவியல் எல்லாம் எடுத்தேன். யாரும் கேட்காமலே ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டும் சேர்த்தேன். நம்ம வேலையாயிற்றே என்று உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். என் அறையில் பீரோக்கள் இல்லை. புத்தகங்கள் மூட்டையாக மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. சுவரில் கதவகலத்துக்கு ஒரு டிவி. கிளார்க் ரிமோட்டோடு நின்றான்.

சாரிடம் ஓடினேன்.

"அதான் வருஷத்துக்கும் சேத்து முடிச்சிக் குடுத்துட்டியேம்மா. இனிமே நீ வந்து இன்னா செய்யப்போற?" என்றார், சிரித்த முகமாகவே.

"அப்ப நான் எடுத்ததெல்லாம் அழிச்சிட்டுப் போறேன் சார்."

"அது ஸ்கூல் அக்கவுண்ட். பாஸ்வேர்டு, ஃபோன் நம்பர் ரெண்டும் மாத்தியாச்சி."

பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்று அந்த கிளார்க்குக்கு ஒவ்வொரு பட்டனாகக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் "போனா போவுது, வுடு" என்றார். சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஆறவில்லை. என் மூஞ்சியும் குரலும் வேண்டும், நான் வேண்டாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இப்போது பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்காலக் கூட்டத்தில், ஒரு பெண் தன் மகளோடு கவுன் எடுக்க வந்தாள். மகள் அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்மில் இருந்தாள். மூன்றாம் வகுப்பு. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ்! மத்தியானம் ஸ்கூல்ல இருந்தீங்க, எப்ப இங்க வந்தீங்க?"

அவள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. சுண்டுவிரலை நீட்டி, "நான் உங்க கூட டூ" என்றாள்.

"ஏன்டி கண்ணு, மிஸ் உன்ன இன்னா பண்ணேன்?"

"நிலாவுக்கு சொந்தமா வெளிச்சம் இருக்குதான்னு கேட்டீங்க இல்ல? நான் இருக்குதுன்னு கத்துனேன். சபாஷ், கரெக்டா சொல்லிட்டியேன்னீங்க. அதையே பரிட்சையில எழுதுனேன். சயின்ஸ் மிஸ் தப்பு போட்டுட்டாங்க. லைப்ரரி மிஸ்தான் கரெக்டுன்னாங்கன்னேன். பொய் சொல்றியான்னு கையில அடிச்சாங்க."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

கவுண்டரைச் சுற்றி வந்து அவள் எதிரே குனிந்தேன். "அது நான் இல்லடி. அது டிவி. நீ சொன்னது எனக்குக் கேக்காதுடி கண்ணு. நான் அங்க இல்லவே இல்ல."

அவள் அம்மா, "இந்தக் கலர் வேணாம், வேற காட்டுங்க" என்றாள்.

பிள்ளை என்னை நம்பவில்லை. "இருந்தீங்க மிஸ்," என்றாள். "என்னத்தான் பாத்துனு இருந்தீங்க."