ஈயின் மூன்றாவது முடி

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். பூச்சி ஆராய்ச்சிப் பிரிவின் புகைப்பட அறையில் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் வராந்தாவில் யாரும் செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது; துளி அதிர்ந்தாலும் படம் கெட்டுவிடும். மீறினால் பிரிவுத் தலைவரே ஆனாலும் ‘உஷ்’தான்.

இங்கே பூச்சிகளைப் படம் எடுக்க வருமுன் பத்து வருஷம் ஒரு ஸ்டுடியோவில் மச்சங்களை அழித்து, மாப்பிள்ளைகளின் வழுக்கைக்கு முடி நட்டு அலுத்துப்போனவள். ஈயிடம் அந்தத் தொல்லை இல்லை. “என்னைக் கொஞ்சம் சிவப்பாக் காட்டுங்க” என்று அது கெஞ்சுவதில்லை.

வேலை என்னவோ பொறுமையின் கழுத்தை நெரிக்கிற வேலை. கடுகளவு தலையை லென்ஸ் முழுக்கக் கொண்டுவந்தால், அதில் மெல்லிய ஒரு படலம் மட்டும் தெளிவாக விழும், மற்றதெல்லாம் மங்கல். ஆகவே கேமராவைத் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு நகர்த்தி ஒரு படம், இன்னும் நகர்த்தி ஒரு படம் என்று முன்னூறு படம் எடுப்பாள். ஒவ்வொன்றிலும் தெளிவான இடத்தைப் பொறுக்கி, கம்ப்யூட்டர் ஒரே படமாக்கும்.

அப்படி எடுத்த ஒரு ஈயின் கண்ணுக்குப் பின்னால் மூன்று முடிகள் இருந்தன. அதன் சொந்தபந்தங்களுக்கெல்லாம் இரண்டுதான். புது இனம் என்று பிரிவுத் தலைவர் துள்ளினார், கட்டுரை எழுதினார், அது அச்சுக்கும் போய்விட்டது.

சுவரில் மாட்டப் பெரிய படம் தயாரிக்கும்போதுதான் அவள் முன்னூறையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நூற்று எண்பத்தேழாவது படத்தில் இரண்டாவது முடி நிமிர்ந்து நின்றது. இருநூற்று ஒன்றில் அதே முடி பின்னால் சாய்ந்து, அங்கேயும் தெளிவாக விழுந்திருந்தது. ஈரம் போகாத ஈ, விளக்குச் சூட்டில் காய்ந்து முடி மடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனி முடியாக வைத்துக்கொண்டது.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டிருக்க வேண்டும். அவசரப்படுத்தியது பிரிவுத் தலைவர்தான், ஆனால் தலையாட்டியது இவள். இப்போது காய்ந்துவிட்ட அதே ஈயை மறுபடி படம் எடுத்தாள். இரண்டே முடி.

அவர் மேஜையில் அவளுடைய வேலை நீட்டிப்புக் காகிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“சார், மூணாவது முடி ஈயோடது இல்ல. நான் பண்ணின தப்பு.”

அவள் நீட்டிய இரண்டு படங்களையும், காய்ந்த ஈயின் படத்தையும் பார்த்தார். “உதிர்ந்திருக்கும்மா. முடி உதிர்றது சகஜம்தானே.”

“உதிர்ந்தா அடியில குழி இருக்கும் சார். இங்க வழவழன்னு இருக்கு.”

“சரி, யாரு போய் எண்ணப் போறாங்க?”

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக அந்த அறையில் அவள் வேறென்ன செய்தாள்?

“நான் எண்ணிட்டேன் சார்.”

அவர் நீட்டிப்புக் காகிதத்தைக் கோப்புக்குள் செருகினார். “யோசிச்சு நாளைக்கு வா. இதையும் நாளைக்கே பாக்கலாம்.”

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் வாயைப் பிளந்தான். “ஈயோட முடிக்காகவா வேலைய விடப் போற? எங்கம்மா கேட்டா என்னன்னு சொல்லுவேன்?”

“மூணு இல்ல, ரெண்டுதான்னு சொல்லுங்க.”

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவளுக்குப் பயம்தான். ஆனாலும் பொய்க்குக் காவல் நிற்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை அந்த இரண்டு படங்களையும், காய்ந்த ஈயின் படத்தையும் பெரிதாக அச்சடித்து வராந்தா அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். கீழே தன் கையால் எழுதினாள்: ‘மூன்றாவது முடி என் தவறு. ஈரம் காயுமுன் எடுத்துவிட்டேன். இந்த ஈக்கு இரண்டுதான்.’

பிரிவுத் தலைவர் வந்தபோது வராந்தாவில் நல்ல கூட்டம். வழி விட்டார்கள். அவர் முழுக்கப் படித்தார்.

“கழட்டு இதை.”

“மாட்டேன் சார். என் தப்ப நான் ஒட்டியிருக்கேன்.”

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்து நீட்டிப்புக் காகிதத்தை எடுத்தார். “அப்ப இதுக்கு வேலை இல்ல.”

அவள் அதைக் கையிலிருந்து வாங்கினாள். கையெழுத்து இடம் காலியாகத்தான் இருந்தது. படங்களுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, பூச்சி குத்தும் ஊசியால் பலகையில் குத்தினாள்.

“இதுவும் இங்கயே இருக்கட்டும் சார். பாக்கறவங்களுக்குக் கணக்கு முழுசாப் புரியணும்ல?”