சோலையாறு அணைக்குள் கசிந்த தண்ணீர்

ஒரகடம் பக்கம், இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஹைட்ராலிக் பிரஸ் என்றால் ஆயில் கசியத்தான் செய்யும். கஸ்டமர் ஆடிட் வருகிறது என்றால் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு, செக் ஷீட்டில் 'லீக் இல்லை' என்று எழுதிவிடுவோம். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும்தான்.

மாரியப்பன் என்று ஒரு ஃபிட்டர், திருநெல்வேலிப் பையன், கான்ட்ராக்டில் இருந்தான். நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு 'நிமிஷத்துக்கு எட்டுச் சொட்டு' என்று எழுதி வைத்துவிட்டான். நான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். மேனேஜர் அதோடு விடவில்லை. "ஆர்டருக்கே உலை வெச்சிடுவான் போலக்கீது. திங்கக்கெழம ரிப்போர்ட்ல சரியில்லன்னு எழுதிக் குடு, அனுப்பிடலாம்" என்றார். சரி சார் என்றேன்.

அதற்குள் சனி, ஞாயிறு எங்கள் டிபார்ட்மென்ட் டூர் வந்தது, வால்பாறைக்கு. மாரியின் அக்கா புருஷனுக்கு சோலையாறு அணையில் வேலை. உள்ளே பார்க்க அவர்தான் அனுமதி வாங்கித் தந்தார். அம்மாடி, என்ன அணை அது! சுற்றிலும் மலை, நடுவில் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். அத்தனை பாரத்தையும் ஒரு சுவர் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இருநூறு டன் பிரஸ்ஸைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஆள் நான், அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சுவருக்குள் காலரி என்று குகை மாதிரி ஒரு வழி. ஓரத்தில் கசிந்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடியது. மாரியின் மச்சான் அதை அளந்து நோட்டில் எழுதினார். இவ்வளவு பெரிய அணை ஒழுகுகிறதே என்று பதறிக் கேட்டேன்.

"ஒழுகாத அணை கெடையாது சார். நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா பயமில்ல. எழுதாம விட்டாத்தான் பயம்."

மாரி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை 'நல்ல ஃபிட்டர், கான்ட்ராக்டை நீட்டிக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆடிட்டுக்குத் துடைக்கப் போவதில்லை என்றும் சொன்னேன். "எதுனா ஆச்சின்னா உன் தலதான்யா" என்றார் மேனேஜர்.

ஆடிட் அன்று நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஷீட்டில் எட்டுச் சொட்டு பதினாலாகியிருந்தது. ஆடிட்டர் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். சிலிண்டரைக் கழற்றினால், ஆயிலை அடைத்து நிறுத்தும் சீல் பாதிக்குமேல் கிழிந்திருந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் ஆபரேட்டர் முகத்தில் சூடான ஆயில் பீய்ச்சியிருக்கும். அன்றிலிருந்து கசிவை எழுதுகிறவனைத்தான் நான் நம்புகிறேன்.

சொட்டை எண்ணியது யார் என்று ஆடிட்டர் கேட்டார். மாரியை முன்னே தள்ளினேன். நான் பேரைச் சொல்வதற்குள் மேனேஜர் அவன் தோளில் கை போட்டு, "நம்ம பையன் சார்" என்றார்.