காஞ்சனாவின் நத்தைக் கற்கள்

‘குவாரி காலனி, கோடை விடுமுறை’ என்று பின்பக்கத்தில் நான் எழுதிவைத்த புகைப்படம் இன்று கிடைத்தது. அத்தை மகள் காஞ்சனாவின் அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. அங்கே பள்ளிக்கூடம், சந்தை, டூரிங் கொட்டகை எல்லாமே சுரங்கச் சம்பளத்தில்தான் நடந்தன. வெடி வைத்துப் பிளந்த பாறைகளில் கிடைக்கும் சுருள் சுருளான நத்தைக் கற்களை, அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடல் நத்தைகளை, சில்லாக வைத்து, வெள்ளைத் தூசி படிந்த வாசலில் அவள் பாண்டி ஆடுவாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதேபோல் சக்கரம் பதிந்த சாளக்கிராமத்தை அப்பா மட்டுமே தொடலாம் என்பதால், அவள் ஆட்டத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒண்ணு எடுத்துண்டு போடி, இங்க லோடு லோடா வெட்டறா” என்று ஒன்றைக் கொடுத்தாள். வீட்டில் அதைப் பார்த்த அப்பா, “இதை வெச்சுண்டா விளையாடறே?” என்று வாங்கி, திருமஞ்சனம் செய்து, பெருமாள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்தச் சுரங்கம் இப்போது தண்ணீர் தேங்கிய பள்ளம், காலனியும் இல்லை. காஞ்சனாவிடம் அந்தக் கற்கள் இன்னும் இருக்கின்றனவா என்று நான் கேட்கவில்லை. இருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.