சந்தை நாள் பஸ்ஸுக்கு நான் எழுதாத சோதனை

பிள்ளைகளா, எதிர்வீட்டு அத்தை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் செல்போன் கடை வாசலில் நின்ற காலை உங்களுக்குத் தெரியாது, பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். பெரம்பலூரில் அவருக்குக் கண் ஆபரேஷனுக்கு அன்றைக்குத்தான் நாள். "மருமவ போன்ல பார்த்துதான்ப்பா நேரம் சொன்னா. பஸ் முன்னாலயே போயிடுச்சாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பஸ் நேரம் காட்டும் செயலியை நாங்கள் பலர் சேர்ந்து இலவசமாக எழுதிவந்தோம். யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். அரியலூரில் கல்லூரியில் பாடம் எடுக்கும் மேடம்தான் எங்கள் திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பார். என்னைவிட வயதில் இளையவர். குன்னம் பக்கம் சந்தை நாளில் பஸ் வெங்காய மூட்டை ஏற்றச் சுற்றிப் போக வேண்டும் என்பதால் சீக்கிரமே கிளம்பி நம் ஊரை முன்னதாகவே கடந்துவிடும். அதை நான் சேர்த்து எழுதினேன். கூடவே ஒரு சோதனையும் எழுதுங்கள் என்றார் மேடம். யார் எதை மாற்றினாலும் சந்தை நாள் நேரம் சரியாக வருகிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் சின்ன நிரல் அது.

எனக்கு அதை எழுதத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "நானே அந்தப் பஸ்ல ஏறிப் பார்த்துட்டேன் மேடம், அதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?" என்றேன்.

மேடம் சிரித்தார். "ஏறிப் பார்த்தீங்க, சரிண்ணே. நாளைக்கு நானே தெரியாம அதுல கை வச்சா? அப்பவும் ஏறிப் பார்ப்பீங்களா?"

அடுத்த வாரம் எழுதித் தருகிறேன் என்றேன். அதை நம்பி என் திருத்தத்தைச் சேர்த்துவிட்டார். வாரங்கள் போயின. அவரும் கேட்டார், நானும் கடையில் வேலை என்றேன்.

பிறகு மேடமே விடுமுறை நாள் நேரங்களைத் திருத்தியபோது என் சந்தை நாள் அழிந்துபோனது. சொல்ல ஒரு சோதனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அத்தை பஸ்ஸைத் தவறவிட்டார்.

நடந்ததை நான்தான் செயலி எழுதும் எங்கள் குழுவில் எழுதினேன், சோதனையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. "என் கைதான் பட்டது, தப்பு என்னோடது" என்று மேடம் பதில் போட்டு, அழிந்த வரியைத் திரும்பச் சேர்த்தார். என் பெயரை எடுக்கவே இல்லை. ஒருவர், "ஊருக்கெல்லாம் டெஸ்ட் எழுதச் சொல்ற மேடத்துக்கு டெஸ்ட் கெடையாது போல" என்று எழுதினார். அதன் கீழே எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

மேடம், அத்தைக்கு வேறு நாள் கிடைத்ததா என்று மட்டும் என்னைக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் எழுதியிருந்த சோதனைகளைப் பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாக ஒன்றை எழுதி முடித்தேன். எல்லாம் சரி என்று திரையில் பச்சை விழுந்தது. நம்பிக்கை வரவில்லை. நானே சந்தை நாள் வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். தப்பு என்று சிவப்பு விழுந்தது. அழித்த வரியைத் திரும்ப எழுதி, மாற்றத்துக்கான குறிப்பில், "இது முதலிலேயே நான் தந்திருக்க வேண்டியது" என்று என் பெயரோடு எழுதி அனுப்பினேன்.