நவம்பர் வைராக்கியம்

செய்தி வந்தபோது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நண்பகல்தான், ஆனால் கடைக்காரர் விளக்கைப் போட்டிருந்தார். நவம்பர் மாதத்து டெல்லிப் புகைமூட்டத்தில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. போனில் பிரிசில்லா. "அங்கிள், மம்மி போயிட்டாங்க" என்றாள். "கடைசியா ஜன்னலைத் திறன்னு சொன்னாங்க. நான் எப்படித் திறக்கிறது?" என்றாள். காய்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்தும் மூச்சு சீராகவில்லை.

ஜெபமணி சிஸ்டரை நம் துவாரகா பகுதித் தமிழர்களில் தெரியாதவர்கள் குறைவு. பாளையங்கோட்டைக்காரர். நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. கணவர் போன பிறகு, விமான நிலையத்தில் வேலை பார்க்கும் மகள் பிரிசில்லாதான் துணை. என்னை அண்ணாச்சி என்பார். தஞ்சாவூர்க்காரனான என்னை அப்படி அழைத்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன், நான் நிமோனியாவில் படுத்து அவருடைய வார்டில் சேர்ந்தபோதுதான் பழக்கம். பக்கத்துக் கட்டிலில் ஒரு டாக்ஸிக்காரர். இனி பீடியைத் தொட மாட்டேன் என்று பிள்ளைகள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே ஊசி போட்டார். டாக்ஸிக்காரர் வீட்டுக்குப் போன அன்று சிஸ்டர் என்னை ஜன்னலருகே கூப்பிட்டுக் காட்டினார். மனிதர் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டவில்லை, பற்ற வைத்துவிட்டார். "பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம்னு சொல்லுவாவல்ல அண்ணாச்சி, அதுல இதையும் சேத்துக்கிடுங்க. வலியில வந்த புத்தி வலியோட போயிரும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அந்தப் பேச்சைத்தான் பிறகு எங்கள் குடியிருப்பின் மேல் பிரயோகித்தார். கரண்ட் போனால் ஓடும் டீசல் ஜெனரேட்டர் அவர் ஜன்னலுக்குக் கீழேயே நிற்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் கூட்டம் போடுவோம். மாஸ்க்குக்குள்ளிருந்து எல்லோரும் ஆவேசமாகப் பேசுவார்கள். ஜெனரேட்டரை நிறுத்துவோம், கூரையில் சோலார் போடுவோம், ஆளுக்கொரு காரில் போவதை விடுவோம். எல்லாக் கையும் உயரும். பிப்ரவரியில் வானம் வெளுத்து, தொட்டிகளில் டேலியா பூத்ததும் எல்லாம் மறந்துபோகும். சிஸ்டர் இதற்கு நவம்பர் வைராக்கியம் என்று பெயர் வைத்தார்.

அதனால்தான் புகைக்கான கூட்டத்தைப் பிப்ரவரியில், பூக்கண்காட்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செயலாளர் நல்ல மனிதர். அவருக்கே இது புரியவில்லை. இத்தனை அச்சா மௌசத்தில், இவ்வளவு இதமான பருவத்தில், ஏன் சிஸ்டர் புகையைப் பற்றிப் பேசி மனசைக் கெடுக்க வேண்டும் என்றார். குடியிருப்பின் நாற்காலிகள் எல்லாம் சீட்டில் எண் அடித்து ஆடும் தம்போலா ஆட்டத்துக்குப் போய்விட்டன. சிஸ்டர் தன் செலவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் புல்வெளியில் போட்டார். நான் போனேன். இங்கேயும் தம்போலா உண்டு என்று நினைத்து ஒரு வயதான தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம். அவர்களிடமும் அக்கறையாகப் பேசினார்.

பீடியின் பக்கமே போகாத அவருடைய நுரையீரல்தான் கெட்டது. டாக்டர் ஊருக்குப் போகச் சொன்னார். ஒரு குளிர்காலம் பாளையங்கோட்டையில் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கடிந்துகொண்டேன். "எனக்கு ஓடுததுக்கு ஒரு ஊரு இருக்கு. இங்கயே பொறந்த பிள்ளைக்கு எங்க இருக்கு?" என்றார். 

பிறகு வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். நிறுத்தச் சொன்னவருக்கே அது உயிர்நாடியாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் யாரோ நிறுத்துகிற பேச்சை எடுத்தபோது, சிஸ்டருக்காகத்தானே ஓட்டுகிறோம் என்று செயலாளர் சொல்ல, எல்லோரும் நிம்மதியாக எழுந்து போனார்கள். நான் போய்ச் சொன்னதும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. "என்னைக் கொல்லுததும் அதுதான், காப்பாத்துததும் அதுதான். உலகம் பூரா இப்படித்தான் மாட்டிக்கிட்டு நிக்கி அண்ணாச்சி" என்றார். மறுவாரமே மெஷினுக்கென்று தனியாக இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார். செயலாளரை வீட்டுக்கு அழைத்து, இனி என் பெயரைச் சொல்லி ஓட்டாதீர்கள் என்று இந்தியில் பணிவாகச் சொன்னார். அதன் பிறகு லிஃப்டின் பெயரைச் சொல்லி ஓட்டினோம். கோடையில் ஏ.சி.யின் பெயரைச் சொல்லி. புகை மட்டும் அவர் ஜன்னலுக்கே வந்தது.

இந்த உலகம் திரும்புமா என்று ஒருநாள் கேட்டேன். "திரும்பும். ஆனா பயந்து திரும்பாது. நல்லா இருக்கும்போது உக்காந்து யோசிச்சாத் திரும்பும். நல்லா இருக்கும்போது எவன் உக்காருதான்?" என்றார். அவ்வளவு பேசியதற்கே மூச்சு இளைத்தது.

இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். செயலாளர் உண்மையாகவே அழுதார். சிஸ்டரின் நினைவாக ஜெனரேட்டரை நிறுத்திவிடுவது என்று தீர்மானம் படித்தார். எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதும்தான். அப்போது பார்த்துக் கரண்ட் போயிற்று. இருட்டில் யாரும் அசையவில்லை. வெளியே இன்ஜின் உறுமியது, விளக்குகள் எரிந்தன. "அப்பாடா" என்று கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. என் வாயிலிருந்தும் வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டோம்.

பிரிசில்லா வீட்டை ஒழித்தபோது, அங்கிளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவையும், அவற்றைப் பிப்ரவரியில் போட வேண்டும் என்ற பிடிவாதமும்தான். வரும் ஞாயிறுதான் பூக்கண்காட்சி; அன்று காலை புல்வெளியில் போடுகிறேன். அவரை அறிந்தவர்கள் வாருங்கள். தம்போலா கிடையாது.

இதை எழுதும்போது ஜன்னல் திறந்திருக்கிறது. கீழே டேலியாக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருக்கிறது. நவம்பரில்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.