சவுக்குக் கழிங்களுக்கு நடுவுல

எண்பதுகளோட ஆரம்பத்துல, செங்கம் ரோட்டுல எங்க மாடி ரூம்ல ஒரு வெள்ளைக்கார அம்மா வாடகைக்கு இருந்தாங்க. அவங்க ஊருல வரிசையா கழி நட்டு, நடுவுல நாயை வளைஞ்சு வளைஞ்சு ஓட விடுவாங்களாம். அதுக்குப் போட்டி வேறயாம். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. எங்க வீட்டு நாட்டு நாய் மட்டும் என்ன மட்டமா?

தோட்டத்துல சவுக்குக் கழிங்களை நட்டேன். கையில பொறை ரொட்டி வச்சிக்கிட்டு, ஒரு கழிக்கு இந்தப் பக்கம், அடுத்ததுக்கு அந்தப் பக்கம்னு இழுத்துட்டுப் போவேன். அது எல்லாத்தையும் விட்டுட்டு நேரா பொறைகிட்ட வந்து நிக்கும். குறுக்கு வழியை மட்டும் யாரும் சொல்லித் தராமலே கத்துக்குதுங்க பாரு!

"என்னா, உன் புள்ளைய கலெக்டராக்கப் போறியா?"னு எங்க வீட்டுக்காரர் சிரிப்பாரு.

"ஆமா, உங்களைவிட அது சொன்ன பேச்சு கேக்குதுங்க"னு சொல்லுவேன்.

மழைக்காலம் முடியறதுக்குள்ள கத்துக்கிச்சு. முதல் கழியில இடது தோளை உரசிட்டுத்தான் உள்ள நுழையும். அப்புறம் தண்ணிப் பாம்பு மாதிரி நெளிஞ்சு போவும். எங்களுக்குக் குழந்தை கிடையாது. அது ஓடறதைப் பாக்கறப்ப எனக்கு வந்த பெருமையை எங்க வச்சிக்கறதுன்னே தெரியல.

நாய்க்கு வயசாச்சு. கண்ணுல வெள்ளை படர்ந்துச்சு. "இனிமே பார்வை வராதும்மா"னு மாட்டு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்குள்ள கதவு, குடம், எல்லாத்துலயும் முட்டிக்கும். பயந்து போயி ஒரே மூலையில சுருண்டு கிடக்கும். ஆனா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயி முதல் கழிகிட்ட விட்டாப் போதும். தோளால தடவித் தடவி, பழையபடி கடைசி வரைக்கும் போயிட்டு வாலை ஆட்டும். அந்தக் கழிங்களுக்கு நடுவுல மட்டும் அதுக்குக் கண்ணு இருந்துச்சு. அதனால ஒரு துணி காயப்போடக்கூட யாரையும் அதுல விடமாட்டேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வழக்கம்போல கிராமத்துலேர்ந்து சொந்தக்காரங்க வந்து வீடு நெறைஞ்சுது. தீபத்தன்னிக்கு விடியக்காலைல என் நாத்தனார், "அண்ணி, நீங்க படுங்க, எல்லாருக்கும் நானே தண்ணி காயவைக்கிறேன்"னு எழுந்து போனா. தங்கமான பொண்ணு. நானும் குளிச்சேன். "தண்ணி நல்ல சூடும்மா"னு அவளைப் பாராட்டக்கூட செஞ்சேன்.

"காய்ஞ்ச கட்டைங்க அண்ணி, குப்புனு பிடிச்சிக்கிச்சு"ன்னா.

ஈரத் தலையோட தோட்டத்துக்கு ஓடினா, வெறும் குழிங்கதான் இருந்துச்சு. முதல் குழிகிட்ட நாய் நின்னு, இடது தோளைக் காத்துல தேச்சிட்டு இருந்துச்சு. அவளை என்னன்னு திட்டறது? எனக்கு அழுகைதான் வந்துச்சு.

சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே நின்னுச்சு. மலைமேல தீபம் ஏத்தினதும், அரோகரான்னு எல்லாரும் மாடிக்கு ஓடினாங்க. நான் முதல் குழிமேல போயி நின்னேன். என் முழங்காலை மோந்து பாத்துச்சு. தோளை உரசிட்டுத் திரும்புச்சு. அடுத்த எடத்துல எதுவும் இல்லாம தடுமாறினப்ப, "நான் நிக்கறேன்"னு எங்க வீட்டுக்காரர் வந்து நின்னாரு. அவரைத் தாண்டினதும் நான் ஓடிப்போயி அடுத்ததா நின்னேன். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் மலைப்பக்கமே திரும்பல.

மறுநாளே அவரு மரக்கடையிலேர்ந்து புதுக் கழிங்க கொண்டாந்து நட்டாரு. புது வாசனையை மோந்து பாத்துட்டு அது உள்ள போகல. அதுங்களைப் பிடுங்கிப் போட்டுட்டு, தினம் காலைல நாங்களே நின்னோம். அன்னைக்குக் கலெக்டர்னு சிரிச்ச மனுஷன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு விறைப்பா நிப்பாரு.

மார்கழில ஒரு நாள், நான் போயி நின்னு "வாடா"ன்னு கூப்பிட்டேன். படுத்த எடத்துலேர்ந்தே வாலை மட்டும் தரையில தட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் வந்தாரு, பாத்தாரு. எனக்கு அடுத்த குழிமேல போயி நின்னாரு. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டு இருந்தோம்.