வாய் திறக்காத எஞ்சின் மெக்கானிக்

ஆயில் எஞ்சின் ரிப்பேருக்குக் கை ஓடினால் போதும், வாய்க்கு வேலையில்லை என்று நம்பித் தொழிலுக்கு வந்தவன் நான். உங்களிலும் அப்படி நம்பி வந்து அடிபட்டவர்கள் இருப்பீர்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் எஞ்சின் விற்கும் கடையில் சேர்ந்தேன். ஏற்றம் இறைத்த கிணறுகளில் அப்போதுதான் எஞ்சின் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் கேரியரில் ஸ்பேனர்ப் பையைக் கட்டிக்கொண்டு, உடைமரங்களுக்கு நடுவே மணல்பாதையில் போவேன். தூரத்தில் சத்தம் கேட்கும்போதே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். அந்தக் காதும் அந்தக் காலும் இப்போது இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஓடுகிற எஞ்சினுக்கு ஒரு புகார்

உச்சிப்புளிப் பக்கம் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி. பத்தே நிமிஷத்தில் எஞ்சினை ஓடவிட்டேன். என்ன கோளாறு என்று பின்னாலேயே வந்து கேட்டார். "சரியாயிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். எஞ்சின் மறுபடி நின்றுவிட்டதா என்று முதலாளி பதறினார்.

"அது நல்லா ஓடுது முதலாளி. என்ன வந்துச்சுன்னு ஊருல கேக்குறாக, நான் என்னத்தச் சொல்ல?"

வாய் திறந்த லட்சணம்

முதலாளி கொடுத்த வசவில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏர்வாடிக்கு மேற்கே அடுத்த வேலை. நாசில், கம்ப்ரஷன், கவர்னர் என்று கற்றதையெல்லாம் வீட்டார் முன் கொட்டினேன். முகத்தையும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அரைமணிப் பேச்சு முடிவதற்குள் வீட்டுக்காரரின் மனைவி கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"எத்தன நாளைக்குத் தாங்கும்னு மறைக்காமச் சொல்லிருங்க தம்பி."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

அந்தக் கதையும் கடைக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு புகார் வந்தால் ஊருக்குப் போய்விடு என்றார் முதலாளி. நானோ ஏர் பிடிக்க மாட்டேன் என்று அய்யாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன். எந்த முகத்தோடு திரும்புவது?

அந்த நேரம் பார்த்து ஒரு மிளகாய்த் தோட்டத்து எஞ்சின் சனிக்கிழமைதோறும் அரைமணி ஓடிவிட்டு நின்றது. எண்ணெய் டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை பூசை போடும் வீட்டம்மா, சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அப்பிவிடுவார். காய்ந்ததும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் இறங்காது. பக்தியோடு வைத்ததைக் குறை சொன்னால் அதுவே புகாராகிவிடுமோ என்று பயந்தேன். கம்பியால் குத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம் திரும்பினேன்.

நாலாவது வாரம் தோட்டக்காரர், திங்கட்கிழமை கடையில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை. பம்பு ரூமில் அம்மன் படம் மாட்டியிருந்தது. அதைக் காட்டி வீட்டம்மாவிடம் பேசினேன். "ஆத்தா, அம்மனுக்குப் பொட்டு நெத்தியிலதான வைக்கிறீக, மூக்கை அடைக்க மாட்டீகல்ல? இந்த ஓட்டைதான் எஞ்சினுக்கு மூச்சு." அவர் கோபிக்கவில்லை. முந்தானையால் மூடியைத் துடைத்துவிட்டு, டேங்கின் வயிற்றில் புதுப் பொட்டு வைத்தார். அன்று பொழுது சாயும்வரை எஞ்சின் நிற்காமல் ஓடியது.

திங்கட்கிழமை தோட்டக்காரர் சொன்னபடியே வந்தார். முதலாளியிடம் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னார். வேலை பிழைத்தது. பிறகு, போகிற வழியில் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"மொத வாரமே இதைச் சொல்லியிருந்தா, கடைசி வயலு மொளகா கருகியிருக்காதேப்பா."

அதன்பின் முப்பது வருஷம், எஞ்சினைத் திறப்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிடும் வாயாடி மெக்கானிக் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரை வாங்கித்தந்தவை கருகின மிளகாய்ச் செடிகள்.